இமையின் மடிப்பும் உள்ளத்தின் நிய்யத்தும்



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பினாங்கில் நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் பெரிய பிள்ளைகளுக்கான தஜ்வீத் வகுப்பு முடிந்திருந்தது. எல்லாரும் ஸலாம் கூறிச் சென்ற பிறகும் ஒரு பிள்ளை மட்டும், முன்பே அடுக்கி வைத்திருந்த ரைஹால் பலகைகளை மீண்டும் அடுக்கிக்கொண்டு நின்றாள். இருபது வயது. அத்தா நம் தமிழர். அம்மா இஸ்லாத்தைத் தழுவிய சீனப் பெண்மணி. சிறு வயது முதல் என்னிடம் ஓதி வருபவள்.

"உஸ்தாஸா, கண் இமையில் மடிப்பு வைக்கும் ஆபரேஷன் இருக்கிறதே, அதைச் செய்துகொள்வது கூடுமா?" என்று கேட்டாள்.

"அழகுக்காகச் செய்வது கூடாதும்மா. அல்லாஹ் தந்த அமைப்பை மாற்றுவது அது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி உஸ்தாஸா" என்று ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்ட நிறைவோடு நான் மின்விளக்கை அணைத்தேன்.

அந்தப் பதில் தவறு என்று இன்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் அவளிடம் கேட்காமல் விட்ட ஒன்று இருந்தது. அதை அல்லாஹ் என் சொந்த இமையைக் கொண்டே எனக்குக் கற்றுக்கொடுத்தான். என்னைப் போன்று கற்பிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

தாழ்ந்த இமை

நாற்பது வயதைக் கடந்தபின் என் வலது மேலிமை சிறிது சிறிதாகத் தாழத் தொடங்கியிருந்தது. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு குர்ஆனைக் கையில் எடுத்தால் தாடையை உயர்த்திப் பார்க்க வேண்டியதாயிற்று. என்னை அறியாமலே புருவத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்ததால் மஃரிப் வேளைக்குள் நெற்றி வலிக்கும். பிள்ளைகள் ஓதும்போது, "உஸ்தாஸாவுக்குத் தூக்கம் வருகிறது" என்று சிறு பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வதும் காதில் விழுந்தது.

கண் மருத்துவர் பரிசோதித்து, இதை 'டோசிஸ்' என்றார், இமைத் தொய்வு. மேலிமையை உயர்த்துவதற்கென்று ஒரு தசை இருக்கிறது. அதன் முன்பகுதி மெல்லிய நாணாக விரிந்து இமையோடு பொருந்தியுள்ளது. அந்த நாண் நாளடைவில் நெகிழ்ந்தோ நழுவியோ போனால் தசை நலமாக இருந்தும் இமை எழுவதில்லை. வயது ஏறும்போது இது பலருக்கு வருகிறது. நெடுங்காலம் கான்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கும் வரலாம். பிறவியிலேயே வேறு காரணத்தால் இமை தாழ்ந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உண்டாகும் நோயும் இப்படி இமையைத் தாழ்த்தக்கூடும் என்பதால், இமைமீது பனிக்கட்டி வைத்துப் பார்த்தும் இரத்தப் பரிசோதனை செய்தும், எனக்கு அது இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அல்ஹம்துலில்லாஹ்.

அறுவைச் சிகிச்சைதான் தீர்வு என்றதும் எனக்குள் ஒரு தயக்கம். கண்ணைப் பற்றிய பயத்தைவிட, அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்தான் முன்னே வந்து நின்றது. இமையின் இயற்கை மடிப்பு இருக்கும் இடத்தில்தான் கீறுவார்கள். நாணை இழுத்துத் தைத்தபின் மடிப்பைப் புதிதாக அமைப்பார்கள். மடிப்பு வைக்கும் அறுவையும் ஏறத்தாழ இதே இடத்தில், இதே கத்தியால்தான் நடைபெறுகிறது. "நமக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா" என்று யாரும் கேட்டால் என்ன சொல்வது?

எங்கள் வட்டாரத்து மூத்த ஹஜ்ரத் ஒருவரிடம் என் கணவர் வழியாகக் கேட்டேன். அவர் இரண்டு செய்திகளை நினைவூட்டினார். இரண்டும் நான் படித்தவைதாம். எனக்கென்று வந்தபோது மறந்திருந்தேன். ஒன்று, அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களுடைய செய்தி. அறியாமைக் காலத்தில் குலாப் என்னும் போரில் அவர்களுடைய மூக்கு வெட்டுண்டது. வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், தங்கத்தால் மூக்கு அமைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஏவினார்கள். மற்றொன்று, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபித்து வந்துள்ள ஹதீஸ். அதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தடுக்கப்பட்டது அழகைத் தேடிச் செய்வதே. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று விளக்கியிருக்கிறார்கள்.

"உங்கள் மனைவிக்குப் பார்வை மறைகிறது, குர்ஆன் ஓத இடையூறாக இருக்கிறது. இது சிகிச்சை. தாராளமாகச் செய்துகொள்ளட்டும்" என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். பிறகு ஒரு வாக்கியத்தையும் சேர்த்தாராம்: "நிய்யத்தை மட்டும் கடைசி வரை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்." அப்போது அது பொதுவான ஓர் உபதேசமாகவே எனக்குப் பட்டது.

நெற்றி தரை தொடாத நாட்கள்

ஷவ்வால் மாதம் பத்தாம் நாள் அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுத்து உறங்கவைக்கவில்லை. இமையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே செய்தார்கள். இடையிடையே கண்ணைத் திறந்து மேலே பார்க்கச் சொல்லி, இமை எந்த அளவு எழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தைத்தார்கள். உதடு அசைய திக்ர் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் உளூவும் தொழுகையும் பெரிய கேள்விகளாயின. தையல் எடுக்கும்வரை இமையில் தண்ணீர் படக்கூடாது. களிம்பு மட்டும் தடவ வேண்டும். நம் ஷாஃபிஈ வழியில், காயத்தைத் தவிர்த்து முகத்தின் மற்றப் பகுதிகளைக் கழுவி, தண்ணீர் பட இயலாத இடத்திற்காக, முகம் கழுவும் அந்தக் கட்டத்திலேயே தயம்மும் செய்துகொண்டு, பிறகு கைகளுக்குச் செல்ல வேண்டும். காயத்தின்மீது கட்டு இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. சில நிலைகளில் தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியும் வரும். ஆகவே இத்தகைய சிகிச்சைக்குச் செல்கிறவர்கள், மருத்துவரிடம் நாள் குறிக்கும்போதே தம் ஆலிமிடமும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அறுவை முடிந்து வீங்கிய கண்ணோடு ஃபத்வா தேடுவது சிரமம்.

தலையைத் தாழ்த்திக் குனியக்கூடாது. இரத்தம் இமைக்கு ஏறி வீக்கமும் கசிவும் கூடும் என்று மருத்துவர் பத்து நாள் தவணை சொன்னார். நோயாளி நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். இமாம் நவவீ அவர்களின் எழுத்தில் ஒரு நுட்பமான சட்டமும் வருகிறது. நிற்க வலிமை உள்ள ஒருவரிடம், மல்லாந்து படுத்துத் தொழுதால்தான் சிகிச்சை பலிக்கும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், அவர் நிற்பதை விட்டுவிடலாம் என்பது அது. விரிவுரையாளர்கள் அதற்குக் கண் நோயையே உதாரணமாகக் காட்டுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓர் இமாம், என் வீட்டு அறையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

நிற்க முடிந்ததால் நின்று ஓதினேன். ருகூஉவுக்கும் ஸஜ்தாவுக்கும் நாற்காலியில் அமர்ந்து, தலையைச் சற்றே சாய்த்துச் சைகை செய்தேன். தொழுகை நிறைவேறுகிறது என்பது அறிவுக்குத் தெரிந்தது. ஆயினும் நெற்றி தரையைத் தொடாத அந்தப் பத்து நாட்களில், ஸஜ்தா எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை நான் முதன்முறையாக உணர்ந்தேன். பதினோராம் நாள் ஃபஜ்ருத் தொழுகையில் நெற்றியை வைத்தபோது எழ மனமே வரவில்லை. 'யா அல்லாஹ், இந்த ஒன்று போதும்' என்று மனமாரச் சொன்னேன்.

போதவில்லை என்பது அடுத்த மாதங்களில் தெரிந்தது.

நாளுக்கொரு மடிப்பு

இமையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வரும் குழப்பங்களில் பாதி, குணமாகும் விதத்தை முன்பே அறியாததால் வருபவை. எனவே அதைச் சிறிது சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கம் ஏறிக்கொண்டேயிருக்கும். அப்போது கண்ணாடியில் தெரிவது நம் கண்ணே அல்ல. கருநீலமாக இருந்த இடம் பிறகு பச்சையும் மஞ்சளுமாக மாறி, கன்னத்தை நோக்கி இறங்கி, இரண்டு வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். எனக்கு ஏழாம் நாள் தையல் எடுத்தார்கள். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் வறட்சியும் சில வாரங்கள் இருந்தன. இமை முழுதாக மூடாததால் இரவில் களிம்பு இட்டு உறங்கினேன். சுர்மா பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மடிப்புதான் எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது. அறுவைக் கோட்டுக்குக் கீழே உள்ள தோலில் நீர் கோத்து நிற்பதால், தொடக்கத்தில் மடிப்பு மிக உயரமாகவும் தடித்தும் தெரிகிறது. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. உப்பு கூடுதலாகச் சாப்பிட்டாலும் அழுதாலும் மறுநாள் மாறியிருக்கும். சில நாட்கள் ஒரு மடிப்புக்கு மேல் இன்னொரு மெல்லிய கோடு தோன்றி மறையும். ஆறாம் வாரத்தில் பெருமளவு வீக்கம் வடிகிறது. ஆனால் அதே காலத்தில் உள்தழும்பு இறுகுவதால் மடிப்பு விறைப்பாகத் தெரியலாம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகே அது தளர்ந்து, தன் இடத்தைக் கண்டுகொள்ளத் தொடங்குகிறது. தழும்பு முழுதாக மங்க ஆறு மாதம் முதல் ஓராண்டுகூட ஆகும்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. வலது இமை எழுந்தவுடன், இதுவரை நன்றாக இருந்த இடது இமை சற்றுத் தாழ்ந்துவிட்டது. மருத்துவர் இதற்கு விளக்கம் சொன்னார். இமையைத் தூக்கு என்ற கட்டளையை மூளை இரண்டு கண்களுக்கும் சமமாகவே அனுப்புகிறது. ஓர் இமை தாழ்ந்திருக்கும்போது அதை எழுப்ப மூளை கூடுதலாக முயலும். அந்த முயற்சியின் பங்கு மறு கண்ணுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்தது சரியானதும் முயற்சி குறைகிறது. மறு கண்ணின் உண்மை நிலை வெளிப்படுகிறது. நல்லதென்று நினைத்திருந்த கண்ணும் கடன் வாங்கித்தான் நின்றிருக்கிறது!

இவையெல்லாம் தெரிந்திருந்தும் நான் கண்ணாடியை விடவில்லை. ஃபஜ்ருக்கு எழுந்தவுடன் பார்ப்பேன். உளூ செய்ததும் பார்ப்பேன். கைப்பேசியில் நாளுக்கொரு படம் எடுத்து ஒப்பிடுவேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒருநாள் இஷாத் தொழுகையின் ஸஜ்தாவில், தஸ்பீஹ் சொல்லிக்கொண்டிருந்த என் நாவுக்குப் பின்னால், 'இவ்வளவு நேரம் குனிந்திருந்தால் நாளை மடிப்பு வீங்குமோ' என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எந்த ஸஜ்தாவுக்காக ஏங்கி அழுதேனோ அதே ஸஜ்தாவில்!

பெருநாள் படம்

இரண்டாம் மாத நிறைவில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எங்கள் வீட்டார் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அன்றிரவு குடும்பக் குழுவில் படம் வந்ததும், எல்லாரும் பேரப்பிள்ளைகளின் உடைகளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி என் வலது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பு உயரமாகவும், இடது கண்ணோடு சேராமலும் இருந்தது.

அடுத்த வாரம் மருத்துவரிடம் சென்று, "மடிப்பைக் கொஞ்சம் இறக்கித் திரும்பத் தைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். சிறு அளவுகோலை வைத்து அளந்தார். "இமை சரியான உயரத்தில் நிற்கிறது. பார்வை மறைகிறதா?" என்றார்.

"இல்லை."

"நெற்றி வலி?"

"இல்லை, போய்விட்டது."

"ஓதுவதற்குச் சிரமமா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் கேட்பது சிகிச்சை இல்லையே. எப்படியும் ஆறாம் மாதம் வரை யாரும் அதைத் தொடக்கூடாது. காத்திருங்கள்" என்றார்.

நீங்கள் கேட்பது சிகிச்சை இல்லையே. மருத்துவர் முஸ்லிம் அல்லர்; ஃபிக்ஹுச் சட்டம் பேசவும் இல்லை. ஆனால் ஷஅபான் மாதத்து மாலையில் நான் ஒரு பிள்ளைக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொல்லியிருந்தார். தேவை என்னும் வாசல் வழியாக உள்ளே நுழைந்தவள், தேவை தீர்ந்தபின்னும் உள்ளேயே நின்றுகொண்டு, வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றுதான். வேறுபாடு ஒன்று உண்டு: அவள் செய்வதற்கு முன்பு கூடுமா என்று கேட்டாள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. ஹஜ்ரத்தின் கடைசி வாக்கியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கேட்காமல் விட்ட கேள்வி

மறுநாள் வகுப்புக்குப் பின் அந்தப் பிள்ளையை இருக்கச் சொன்னேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் வியப்போடு கேட்டாள். பிறகு, நான்கு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "அன்று என்னிடம் கேட்டாயே, உனக்கு ஏன் அது வேண்டும் என்று தோன்றியதும்மா?"

நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "புள்ள நல்லாத்தான் இருக்கு, கண்ணுதான் மூடுனாப்புல இருக்கு" என்று எல்லார் முன்னும் சொல்லியிருக்கிறார். அறையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சம்பந்தமும் கூடவில்லை.

"அம்மாவிடம் இந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவே இல்லை உஸ்தாஸா. எனக்கு அம்மாவின் கண். இது வேண்டாம் என்றால், அம்மாவையே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடுவார்கள்" என்றாள்.

பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்றைக்கு நீங்களும் இருந்தீர்கள்."

இருந்தேன். அவள் சொன்னபின்தான் நினைவு வந்தது. அழைப்பின்பேரில் சென்றிருந்தேன். அந்தச் சொல் என் காதிலும் விழுந்தது. சபையில் எல்லாரும் சிரித்தபோது, முகம் கோணக்கூடாதென்று நானும் சிரித்து வைத்திருந்தேன். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. என்னிடம் வந்து கூடுமா என்று கேட்டபோது, அந்தச் சிரிப்பையும் பார்த்திருந்த கண்களோடுதான் கேட்டிருக்கிறாள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டிக் குறிப்பிட்டபோது, அந்தச் சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலையே அது கெடுத்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் படித்திருக்கிறோம். ஸூரத்துல் ஹுஜுராத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று சொன்னதோடு நில்லாமல், பெண்களைத் தனியே குறிப்பிட்டும் அல்லாஹ் தடுக்கிறான். இந்த ஆயத்துக்குத் தஜ்வீத் சொல்லிக்கொடுத்த நான்தான் அந்த அறையில் சிரித்தவள்.

அடியானுக்குச் செய்த அநீதியை அடியானிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும். "என்னை மன்னித்துவிடும்மா" என்றேன். அவள் பதறி, "உஸ்தாஸா, நீங்கள் போய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதோம். மறுநாள் என் மடிப்பு வீங்கியிருந்தது. அதை நான் படம் எடுக்கவில்லை.

அவளிடம் சொன்னவை

சட்டத்தை நான் மாற்றிச் சொல்லவில்லை. அதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அரை நிமிடத்தில் முடித்ததை இம்முறை ஒரு மணி நேரம் பேசினோம்.

மடிப்பில்லாத இமை நோயோ குறையோ அல்ல என்று சொன்னேன். இமையைத் தூக்கும் நாணிலிருந்து நுண்ணிய இழைகள் தோல்வரை வந்து பற்றியிருந்தால், கண் திறக்கும்போது மடிப்பு விழுகிறது. கிழக்காசிய மக்களில் மிகப் பலருக்கு அந்த இழைகள் அப்படிப் பற்றுவதில்லை. இமையின் கொழுப்பும் சற்றுத் தாழ இறங்கியிருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் ஸூரத்துர் ரூமில் கூறுகிறான். உன் அம்மாவின் கண்ணும் அந்த அத்தாட்சிக்குள் அடங்கியதே என்றேன்.

அதே வேளையில், இமையின் தோல் உருண்டு, முடிகள் உள்ளே திரும்பிக் கருவிழியை உராயும் நிலை சிலருக்கு இருக்கும். அப்போது செய்வது சிகிச்சை. அதற்குத் தயங்க வேண்டியதில்லை. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அறுவையின் உண்மையையும் சொன்னேன். ஜப்பானில் மிகாமோ என்னும் மருத்துவர் 1896-இல் இம்முறையை முதன்முதலில் எழுதி வைத்தபோது, ஒரு கண்ணில் மடிப்பும் மறு கண்ணில் மடிப்பின்மையுமாக இருந்த ஒரு பெண்ணுக்கே அதைச் செய்ததாகக் குறிப்பிட்டார். இன்று கத்தி வைத்தும் செய்கிறார்கள். வெறும் தையலாலும் செய்கிறார்கள். தையல் முறையில் மடிப்பு சில ஆண்டுகளில் தளர்ந்து மறைவதும் உண்டு. எந்த முறையானாலும் வீக்கமும் உயர்ந்த மடிப்பும் ஏற்றத்தாழ்வும் மாதக்கணக்கில் இருக்கும். விளம்பரப் பலகையில் உள்ள முகம் ஒரு நாளில் வந்ததன்று. "அந்த மாதங்களில் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் பார்த்துவிட்டேன். ஒரு மடிப்பு சரியானால் அடுத்ததைக் கேட்கும்" என்றேன்.

அவள் சிறிது நேரம் என் கண்ணையே பார்த்தாள். "உங்கள் ஆறு மாதம் முடியட்டும் உஸ்தாஸா. அதற்குப் பிறகு நான் யோசிக்கிறேன்" என்று சிரித்தாள்.

நம் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. மடிப்பு இறங்கி, தழும்பு மெல்லிய கோடாகிவிட்டது. இடது கண்ணைவிட வலது மடிப்பு இன்னும் ஒரு மில்லிமீட்டர் அளவு உயரம்தான். மருத்துவர் அளந்து சொன்னார். என் கணவருக்கு எந்தக் கண்ணில் அறுவை நடந்தது என்பதே சில நேரம் மறந்துபோகிறது. திரும்பத் தைக்க வேண்டுமா என்று மருத்துவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் கண்ணாடி பார்க்கும் பழக்கம் முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். குறைந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது மாலையில் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்கிறாள். அறுவை செய்துகொள்ளவில்லை, இனிச் செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வற்புறுத்திக் கேட்கவில்லை. அவளுக்காக துஆச் செய்கிறேன்.

சகோதரிகளே, இத்தகைய கேள்வியோடு ஒரு பிள்ளை நம்மிடம் வந்தால் கூடும், கூடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்போ பின்போ, அவளை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்து சேர்த்தது யாருடைய சொல் என்றும் கேட்போம். பெண் பார்க்கச் செல்லும் வீடுகளில் நிறம், உயரம், பல், கண் என்று நாம் எடைபோட்டுப் பேசும் சொற்கள் நம்மோடு திரும்பி வருவதில்லை. அந்தப் பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடுகின்றன. இறைவனின் படைப்பை மாற்றாதே என்று அவளுக்குச் சொல்லும் நாம், அந்தப் படைப்பைக் குறைசொல்லும் நாவை அடக்கியிருக்கிறோமா? அவள் ஒருத்தி கத்தியை நாடினால் கேள்விக்கு உள்ளாவாள் என்றால், அவளைக் கத்தி வரை தள்ளிய சபைக்கும் கேள்வி இல்லாமல் போகுமா?

வல்ல அல்லாஹ் நம் தோற்றத்தை அழகாக்கியதுபோல் நம் குணத்தையும் அழகாக்குவானாக. நம் நிய்யத்துகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் சீராக வைப்பானாக. நம் சொற்களால் காயப்பட்ட உள்ளங்களை அவன் ஆற்றுவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.